ஒரு மணி நேரப் பேச்சுக்கு ஆறு வார வேலை

வாசகர் கேள்வி – பதில்

மொரீசியசுக் கல்லூரிகளில் புதிய பருவம் தொடங்கிவிட்டது. மாணவர் சங்கங்கள் சிறப்புரைக்கு ஆள் தேடிக்கொண்டிருப்பது வந்த கடிதங்களிலேயே தெரிகிறது. அதனால் இந்த இதழின் பக்கங்களை விருந்தினர் பேச்சு பற்றிய கேள்விகளுக்கே ஒதுக்கியிருக்கிறோம். பதில் எழுதியவர்கள் கல்லூரி நிகழ்ச்சிகளை நடத்துவதிலும் தமிழ் கற்பிப்பதிலும் பழகியவர்கள்.

கேள்வி: பாடத்திட்டத்தையே முடிக்க முடியாமல் திணறும்போது வெளியாள் ஒருவர் வந்து ஒரு மணி நேரம் பேசி என்ன ஆகப்போகிறது என்று எங்கள் ஆசிரியர்கள் கேட்கிறார்கள். வகுப்பு நேரத்தை விட்டுத்தர மறுக்கிறார்கள். அவர்களுக்கு என்ன சொல்வது?
– மாணவர் சங்கச் செயலாளர், ரோஸ் ஹில்

பதில்: ஆசிரியர்கள் கேட்பது நியாயம்தான். பாடநூலில் உள்ளதையே இன்னொருவர் வாயால் கேட்பதானால் அந்த ஒரு மணி நேரம் வீண். விருந்தினரிடம் பெற வேண்டியது வேறு. ஒரு வேலையைச் செய்கிறவர் எதைப் பார்த்து முடிவெடுக்கிறார், எங்கே தடுமாறுகிறார், தவறு நேர்ந்தால் அதை எப்படிக் கண்டுபிடிக்கிறார் என்பதெல்லாம் எந்த நூலிலும் முழுதாக இருப்பதில்லை.

ஓர் எடுத்துக்காட்டு. இந்தியாவிலிருந்து நம் தீவுக்கு ஒப்பந்தத் தொழிலாளர் வருகை 1834இல் தொடங்கியது. 1920 வரை ஏறத்தாழ 5 லட்சம் பேர் வந்தார்கள். 1849 முதல் அவர்கள் இறங்கியது, இன்று ஆப்ரவாசி காட் என்று நாம் அழைக்கும் போர்ட் லூயி இறங்குதுறையில். 2006இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியக் களமாக ஏற்றது. தேர்வுக்கு இது போதும். இப்போது மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கும் குடிவரவு ஆவணங்களோடு பழகிய ஒருவரை அழையுங்கள். ஒரே ஒரு பதிவின் நகலைத் திரையில் காட்டி அரை மணி நேரம் பேசச் சொல்லுங்கள். எண், கப்பலின் பெயர், வந்து இறங்கிய நாள், தந்தை பெயர், வயது, உயரம், ஊர், மாவட்டம். 1860களுக்குப் பிந்தியவர் என்றால் புகைப்படமும் கிடைக்கலாம். தமிழ் அறியாத எழுத்தர் தம் காதில் விழுந்ததை எழுதிவைத்ததால் ஆறுமுகம் ‘ஆர்மூகம்’ ஆனதையும், சின்னத்தம்பி ‘சினாதம்பு’ ஆனதையும், அதுவே இன்று குடும்பப் பெயராக நிலைத்ததையும் ஒரு மாணவி அந்தத் தாளைப் பார்த்தபடி கேட்டால், வீட்டுக்குப் போனதும் முதலில் பாட்டியிடம்தான் போய் உட்காருவாள். பாடநூல் அவளைப் பாட்டியிடம் அனுப்பாது.

ஆசிரியர்களிடம் “சிறப்புரை வைக்கிறோம், நேரம் கொடுங்கள்” என்று போகாதீர்கள். “இந்த அலகை நீங்கள் எந்த வாரம் நடத்துகிறீர்கள்? அந்த வாரத்தில் இன்னாரை அழைக்கலாமா?” என்று கேளுங்கள். அலகு தொடங்கும் முன்பே பேச்சு நடந்தால் மாணவருக்கு எதுவும் பிடிபடாது. முடிந்து ஒரு மாதம் ஆன பிறகு நடந்தால் ஆர்வம் வடிந்திருக்கும். பாதி நடந்திருக்கும் நேரமே சரி.

கேள்வி: அழைப்பு முதல் நிகழ்ச்சி வரை எதை எப்போது செய்ய வேண்டும்? போன வருடம் எல்லாமே கடைசி வாரத்தில் குவிந்துவிட்டது.
– இரண்டாம் ஆண்டு மாணவி, காத்ர் போர்ன்

பதில்: உள்ளூர் விருந்தினர் என்றால் 6 வாரம் வேண்டும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர் என்றால் குறைந்தது 4 மாதம்.

முதல் வாரம் ஆளைத் தேடுவதற்கு முன் தலைப்பை முடிவு செய்யுங்கள். யாருக்காக இந்தப் பேச்சு, அவர்கள் என்ன படிக்கிறார்கள், பேச்சு முடிந்து வெளியே போகும்போது அவர்களுக்கு எது தெரிந்திருக்க வேண்டும் என்று மூன்று வரி எழுதிக்கொள்ளுங்கள். அந்த மூன்று வரியும் எழுத வரவில்லை என்றால் அழைப்பு அனுப்பும் கட்டம் இன்னும் வரவில்லை என்று பொருள். அதோடு, இரண்டு பெயர்களைக் குறித்துவையுங்கள். முதலாமவருக்கு முடியாமல் போனால் இரண்டாமவரிடம் போகலாம். ஒரே நேரத்தில் இருவருக்கும் கடிதம் போடக் கூடாது. இருவரும் வருகிறேன் என்றால் ஒருவரிடம் வேண்டாம் என்று சொல்ல நேரும்; இந்தச் சிறிய தீவில் அது பல வருடம் நினைவில் நிற்கும்.

இரண்டாம் வாரம் கடிதம். தொலைபேசியில் பேசியிருந்தாலும் கடிதம் வேண்டும். அதில் நாள், தொடங்கும் நேரம், முடியும் நேரம், இடம், தலைப்பு, எத்தனை பேர் வருவார்கள், எந்த வயதினர், எந்த மொழி, பேச்சுக்கு எத்தனை நிமிடம், கேள்விக்கு எத்தனை நிமிடம், போக்குவரத்துக்கு யார் பொறுப்பு, பதிவு செய்வீர்களா என்பதெல்லாம் இருக்க வேண்டும். கீழே உள்ளது போல எழுதினால் போதும்:

“மதிப்பிற்குரிய அம்மையார் அவர்களுக்கு, வணக்கம். எங்கள் துறையின் இரண்டாம் ஆண்டு மாணவர்கள் 45 பேருக்குத் தாங்கள் வந்து பேச வேண்டும் என்று விரும்புகிறோம். பேச்சு 35 நிமிடம், கேள்விகள் 25 நிமிடம். அதன் பின் 10 மாணவர்களோடு 40 நிமிடம் தேநீரும் உரையாடலும். மாணவர்கள் எழுத்துத் தமிழை நன்றாகப் புரிந்துகொள்வார்கள். பேச்சு வழக்கில் பழக்கம் குறைவு. தங்கள் வீட்டிலிருந்து அழைத்து வந்து திரும்பக் கொண்டுவிடுவது எங்கள் பொறுப்பு. தங்கள் இசைவு இருந்தால் மட்டுமே பதிவு செய்வோம். இரண்டு நாள்களைக் குறித்திருக்கிறோம். வசதியானதைத் தெரிவிக்க வேண்டுகிறோம்.”

மூன்றாம், நான்காம் வாரங்களில் மண்டபம், ஒலிபெருக்கி, சுவரொட்டி ஆகியவற்றைக் கவனியுங்கள். ஐந்தாம் வாரம் மாணவர்களைத் தயார் செய்யும் வாரம். பெரும்பாலான சங்கங்கள் விட்டுவிடுவது இந்த வாரத்தைத்தான். எப்படித் தயார் செய்வது என்பதைக் கேள்வி கேட்காத மாணவர்களைப் பற்றிய பதிலில் விரிவாக எழுதியிருக்கிறோம். ஆறாம் வாரம், மூன்று நாளுக்கு முன் விருந்தினரைத் தொலைபேசியில் அழைத்து எல்லாவற்றையும் ஒரு முறை சொல்லிச் சரிபாருங்கள். எந்த வாயில் வழியாக வர வேண்டும், யார் காத்திருப்பார்கள், அவர்களுடைய கைபேசி எண் என்ன என்பதை எழுத்திலும் அனுப்புங்கள்.

கேள்வி: “மொரீசியசில் தமிழ்” என்ற தலைப்பில் பேச ஒருவரை அழைத்திருக்கிறோம். தலைப்பு சரியா?
– தமிழ்த் துறை மாணவர்கள், மோக்கா

பதில்: மிகப் பெரிய தலைப்பு. 35 நிமிடத்தில் 1730களில் லபூர்தொனே ஆளுநர் காலத்தில் புதுச்சேரியிலிருந்து வந்த கைவினைஞர்களில் தொடங்கி, கப்பல், கரும்புத் தோட்டம், கோயில், பள்ளி என்று ஓடி முடிக்க வேண்டியிருக்கும். எதுவும் மனத்தில் தங்காது.

அதையே சுருக்குங்கள். 1998இல் புதிய ரூபாய்த்தாள்களில் தமிழுக்கு முன்னால் இந்தி இடம்பெற்றபோது எழுந்த எதிர்ப்பும், அந்தத் தாள்கள் திரும்பப் பெறப்பட்டதும் ஒரு பேச்சுக்கு அளவான தலைப்பு. மாணவர் ஒவ்வொருவரும் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, தமிழ் எங்கே இருக்கிறது, எழுத்தில் எப்படி, எண்ணில் எப்படி என்று பார்த்துக்கொண்டே கேட்கலாம். கையில் பிடிக்கக்கூடிய ஒன்று இருந்தால் பேச்சு எளிதில் மறக்காது. விருந்தினரிடம் தலைப்பை மாற்றச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம். “இந்த ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல முடியுமா” என்று கேட்டால் யாரும் வருத்தப்படுவதில்லை. அவர்களுக்கும் தயாரிப்பது எளிதாகிறது.

கேள்வி: தமிழ்நாட்டிலிருந்து வந்த பேராசிரியர் அருமையாகப் பேசினார் என்று பெரியவர்கள் சொன்னார்கள். எங்கள் மாணவர்களுக்கோ பத்து நிமிடத்துக்கு மேல் ஒன்றும் புரியவில்லை. குறை யாரிடம்?
– தமிழாசிரியை, கியூர்பிப்

பதில்: யாரிடமும் இல்லை. முன்கூட்டியே சொல்லாததுதான் பிழை.

நம் மாணவர்களுக்கு வீட்டு மொழி கிரயோல். தமிழைப் பள்ளியில் எழுத்து வழியாகக் கற்கிறார்கள். ‘வந்துவிட்டார்கள்’ என்றால் உடனே புரியும். ‘வந்துட்டாங்க’ என்றால் தடுமாறுவார்கள். ‘என்ன செய்கிறீர்கள்’ தெரியும். ‘என்ன பண்றீங்க’ தெரியாது. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர் இதற்கு நேர்மாறாக நினைக்கிறார். எளிமையாகப் பேச வேண்டும், மாணவரோடு நெருங்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் மேடைத் தமிழை விட்டுவிட்டுப் பேச்சுத் தமிழுக்கு இறங்குகிறார். அந்த இடத்தில்தான் மாணவர் கை நழுவிப் போகிறார்கள். ஆகவே அழைப்புக் கடிதத்திலேயே சொல்லுங்கள்: எழுத்துத் தமிழில், சிறு வாக்கியங்களாக, சொற்களின் இறுதியை விழுங்காமல் பேசினால் போதும். ஆங்கிலச் சொல் கலந்தால் தவறில்லை, மாணவர்களுக்கு ஆங்கிலம் தெரியும். தமிழ்நாட்டுத் திரைப்பட வசனம், அரசியல் நகைச்சுவை ஆகியவற்றைத் தவிர்க்கச் சொல்லுங்கள். அரங்கில் பாதிப் பேர் சிரிக்க, மீதிப் பேர் எதற்கென்று தெரியாமல் உட்கார்ந்திருப்பது நல்லதல்ல.

இன்னும் இரண்டு ஏற்பாடுகள் உண்டு. விருந்தினரிடம் பேச்சில் வரும் கடினமான சொற்கள் 20 அல்லது 25ஐ இரண்டு வாரம் முன்பே கேட்டு வாங்குங்கள். ஒரே பக்கத்தில் தமிழ்ச் சொல்லும் அதற்கு நேரே கிரயோல் அல்லது பிரெஞ்சுப் பொருளும் போட்டு, நகலெடுத்து, நுழைவாயிலில் கையில் கொடுங்கள். இரண்டு பக்கம் ஆனால் யாரும் திருப்பிப் பார்க்க மாட்டார்கள். அடுத்து, 35 நிமிடப் பேச்சை மூன்றாகப் பிரியுங்கள். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் ஒரு மாணவர் எழுந்து ஒன்றரை நிமிடத்தில் கிரயோலில் சுருக்கம் சொல்லட்டும். வாக்கியத்துக்கு வாக்கியம் மொழிபெயர்ப்பது வேண்டாம். பேச்சு இரு மடங்கு நீளும், பேசுகிறவரின் ஓட்டமும் அறுந்துவிடும். சுருக்கம் சொல்லப்போகும் மூவரும் முந்தின நாளே பேச்சின் குறிப்பைப் படித்திருக்க வேண்டும். இந்த மூவரே அந்த நாளில் அதிகம் கற்றவர்களாக இருப்பார்கள். ஆகவே தமிழ் நன்றாகத் தெரிந்தவர்களையே எப்போதும் நிறுத்தாமல், நடுத்தரமாகத் தெரிந்த ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்கும்போது கிரயோலில் கேட்க அனுமதியுங்கள். தவறான தமிழில் கேட்டுவிடுவோமோ என்ற பயம்தான் பல வாய்களைப் பூட்டுகிறது.

கேள்வி: மாலை 5 மணிக்கு வைத்தால் வேலைக்குப் போகிறவர்களும் வரலாம் அல்லவா?
– வாசகர், திரியோலே

பதில்: மாணவர்கள் வர மாட்டார்கள். பேருந்தை நம்பி ஊர் திரும்புகிறவர்கள்தான் அதிகம். மாலையில் பேருந்துகள் குறைந்துவிடும். ரெதுயி வரை மெட்ரோ வந்த பிறகு அந்தத் தடத்தில் உள்ளவர்களுக்கு வசதி, வடக்கிலும் கிழக்கிலும் உள்ளவர்களுக்கு அல்ல. காலை 10 மணி அல்லது பிற்பகல் 1 மணியே நல்லது. தைப்பூசக் காவடி விரத நாள்களிலும் புரட்டாசிக் கோவிந்தன் விரத நாள்களிலும் மாலை நிகழ்ச்சியே வேண்டாம். நவம்பர் 2, ஒப்பந்தத் தொழிலாளர் வருகை நாள். அதை ஒட்டிய வாரத்தில் வரலாறு பேசக்கூடிய எல்லோரையும் வேறு யாராவது அழைத்திருப்பார்கள். இரண்டு வாரம் முன்தள்ளிக் கேட்டால் கிடைப்பார்கள்.

ஜனவரி முதல் மார்ச் வரை வைப்பதானால் மாற்று நாள் ஒன்றையும் அழைப்பிலேயே குறிப்பிடுங்கள். சூறாவளி எச்சரிக்கை வந்து வகுப்புகள் நின்றுவிட்டால், “முன்னரே குறித்த மாற்று நாளில்” என்று ஒரு செய்தி அனுப்பினால் வேலை முடிந்தது.

கேள்வி: மண்டபத்திலும் ஒலியிலும் எப்போதும் ஏதாவது கோளாறு. எதைக் கவனிக்க வேண்டும்?
– நிகழ்ச்சிக் குழு உறுப்பினர், ரெதுயி

பதில்: முதலில் மண்டபத்தின் அளவு. 60 பேர் வருவார்கள் என்றால் 200 பேர் மண்டபம் எடுக்காதீர்கள். வேறு இடம் இல்லையென்றால் பின்வரிசைகளைக் கயிறு கட்டி மூடுங்கள். கட்டாவிட்டால் 60 பேரும் பின்னால் போய்ச் சிதறி உட்காருவார்கள், விருந்தினர் வெற்று நாற்காலிகளைப் பார்த்துப் பேச வேண்டியிருக்கும்.

கையில் பிடிக்கும் மைக் என்றால் வாயிலிருந்து நான்கு விரல் தூரம். மார்புக்கு இறக்கிப் பிடிக்கிறவர்கள்தான் அதிகம். அப்படி இறக்கியதும் ஒலியைக் கூட்டுவார்கள், கூட்டியதும் மைக் வீறிடும். மைக்கைப் பிடித்தவர் ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்கு முன்னால் நடந்தாலும் வீறிடும். பெட்டிகளை மேடைக்கு முன்பக்கமாக, பார்வையாளரைப் பார்த்து வைத்தால் இந்தத் தொல்லை பாதியாகக் குறையும். உடையில் மாட்டும் சிறிய மைக் நல்லதுதான், ஆனால் பொன்னாடை அதன் மேல் விழுந்தால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஆகிவிடும். பொன்னாடை போர்த்தி, எடுத்து மடித்து வைத்த பிறகே மைக் மாட்டுங்கள். புடவை உடுத்தியவர் என்றால் முந்தானைப் பக்கம் மாட்ட வேண்டாம், பட்டு உரசும் ஒலி முழுவதும் அரங்கில் கேட்கும். சங்கிலியோ மணிமாலையோ மைக்கில் இடிக்கிறதா என்றும் பாருங்கள். விருந்தினர் ஒரு பெண் என்றால் மாட்டிவிட ஒரு மாணவி நிற்கட்டும். கம்பியில்லா மைக் எதுவானாலும் புதிய பேட்டரி போடுங்கள், மாற்று ஒரு ஜோடி மேசையில் இருக்கட்டும்.

படக்காட்சியில் வரும் பெரிய சிக்கல் தமிழ் எழுத்து. விருந்தினர் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தால் உங்கள் கணினியில் அது அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாக விரியும். யூனிகோடில் செய்திருந்தாலும் எழுத்துரு மாறி வரிகள் கீழே வழியலாம். மூன்று நாள் முன்பே கோப்பை வாங்குங்கள். பிடிஎஃப் ஆகவும் அனுப்பச் சொல்லுங்கள், அதில் எழுத்துரு உள்ளேயே பதிந்து வரும். நிகழ்ச்சி நடக்கும் கணினியிலேயே, அதே திரையில் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பாருங்கள். தம் மடிக்கணினியையே கொண்டுவருவேன் என்பவருக்கு எச்டிஎம்ஐ வடமும் யூஎஸ்பி-சி மாற்றியும் வைத்திருங்கள். இந்தியாவிலிருந்து வருகிறவரின் உருண்டை முள் மின்செருகி நம் மூன்று தட்டை முள் துளையில் நுழையாது. ஓர் அடாப்டர் மேசையில் இருக்க வேண்டும். சின்னப் பொருள்தான், இல்லாவிட்டால் பேச்சின் நடுவில் கணினி அணைந்துவிடும்.

கேள்வி: குத்துவிளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை என்று விருந்தினர் மைக்கைப் பிடிக்கும்போது முக்கால் மணி நேரம் போய்விடுகிறது. மரபை விடவும் மனம் வரவில்லை.
– ஓய்வு பெற்ற ஆசிரியர், வாக்குவா

பதில்: மரபை விட வேண்டாம், உரைகளைக் குறையுங்கள். விளக்கேற்றி வாழ்த்துப் பாட 6 நிமிடம் போதும். அந்த 6 நிமிடம் அரங்கை ஒன்று சேர்க்கிறது. நேரத்தை விழுங்குவது நான்கு பேர் ஒரே வரவேற்பை நான்கு முறை சொல்வது. தலைமை வகிப்பவர், வாழ்த்த வந்தவர், முக்கியப் பிரமுகர் எல்லோரையும் விளக்கேற்ற அழையுங்கள். ஆளுக்கு ஒரு திரி. அவர்களுக்குரிய மரியாதை அங்கேயே நிறைவாகிறது. இதை அழைப்பு கொடுக்கும்போதே பணிவாகச் சொல்லிவிட வேண்டும், மேடையில் சொல்லக் கூடாது.

90 நிமிட நிகழ்ச்சிக்கு எங்கள் கணக்கு: விளக்கும் வாழ்த்தும் 6, வரவேற்பு 3, அறிமுகம் 2, பேச்சு 35, இடையில் சுருக்கங்கள் 5, கேள்விகள் 25, நன்றியும் பொன்னாடையும் 5. மீதி 9 நிமிடம் தாமதத்துக்கு. பொன்னாடையை இப்படி இறுதிக்குத் தள்ளினால் மைக் தொல்லையும் இல்லை.

அறிமுகம் ஒரு தனிக் கலை. விருந்தினரின் பட்டங்களையும் விருதுகளையும் முழுவதும் படிக்காதீர்கள். அவை சுவரொட்டியில் இருக்கட்டும். இவர் என்ன வேலை செய்கிறார், இந்தத் தலைப்பைப் பேச இவரே ஏன் ஏற்றவர், மாணவர்கள் எதைக் கவனித்துக் கேட்க வேண்டும் என்று மூன்று செய்தி மட்டும். பெயரை எப்படி உச்சரிப்பது என்று அவரிடமே முன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: “கேள்விகள் இருக்கிறதா” என்றால் அரங்கமே தலை குனிகிறது. கடைசியில் ஆசிரியரே ஒன்று கேட்டு முடித்துவிடுகிறார். மாணவர்களை எப்படிப் பேச வைப்பது?
– விரிவுரையாளர், போர்ட் லூயி

பதில்: பேச்சு முடிந்த நிமிடத்தில் கேள்வி பிறக்காது. அதற்கு முன்னாலேயே விதைத்திருக்க வேண்டும். ஐந்தாம் வார வேலை என்று மேலே சொன்னது இதுதான்.

ஒரு வாரம் முன், வகுப்பில் 30 நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். விருந்தினர் எழுதிய இரண்டு பக்கமோ அவர் துறை பற்றிய ஒரு கட்டுரையோ கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு மூவர் மூவராக அமர்ந்து, ஆளுக்கொரு அட்டையில் ஒரு கேள்வி எழுதட்டும், பெயர் வேண்டாம். முதலில் வருபவை “உங்களுக்கு இந்தத் துறையில் ஆர்வம் எப்படி வந்தது” என்ற வகையாகத்தான் இருக்கும். அவற்றைத் திருப்பிக் கொடுத்து, “எப்போது, எதை வைத்து, எவ்வளவு, அதன் பிறகு என்ன ஆனது” என்ற சொற்களில் ஒன்றாவது வரும்படி மாற்றி எழுதச் சொல்லுங்கள். வானிலை அலுவலர் ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். “சூறாவளியை எப்படிக் கணிக்கிறீர்கள்” என்பது முதல் அட்டை. “எச்சரிக்கையை ஒரு படி உயர்த்தலாமா வேண்டாமா என்று தயங்கும் நேரத்தில் எதைப் பார்த்து முடிவு செய்வீர்கள், உயர்த்திய பின் சூறாவளி விலகிப் போனால் மக்களிடம் என்ன சொல்வீர்கள்” என்பது இரண்டாம் அட்டை. இரண்டாவதற்கு வரும் பதிலை எந்த நூலிலும் தேடிப் படிக்க முடியாது.

அட்டைகளில் நல்லவை பத்தைத் தேர்ந்து விருந்தினருக்கு மூன்று நாள் முன்பே அனுப்பிவிடுங்கள். கேள்வியை முன்பே தெரிவிப்பது ஏமாற்று வேலை அல்ல. விருந்தினர் அவற்றைப் பார்த்த பிறகு தம் பேச்சையே திருத்திக்கொள்வதுண்டு.

அன்றைக்கு, முதல் கேள்வியைக் கேட்கப் போகிறவர் யார் என்று முடிவு செய்து முன்வரிசையில் உட்கார வையுங்கள். நெறியாளர் “கேள்விகள் இருக்கிறதா” என்று கேட்டுவிட்டு உடனே அடுத்ததற்குத் தாவக் கூடாது. மனத்துக்குள் பத்து வரை எண்ணட்டும். அந்த அமைதி மேடையில் இருப்பவருக்குத்தான் நீளமாகத் தெரியும். யோசிக்கிறவருக்கு அது தேவை. கேள்வி என்ற பெயரில் ஐந்து நிமிடம் உரையாற்றுகிற பெரியவர்களும் வருவார்கள். “ஐயா, உங்கள் கேள்வியை ஒரு வரியில் சொன்னால் விருந்தினர் பதில் சொல்ல வசதியாக இருக்கும்” என்று மரியாதையோடு, ஆனால் ஒன்றரை நிமிடத்தில், இடைமறிக்க வேண்டும். மைக்கை அவர் கையில் கொடுத்துவிடாமல் மாணவத் தொண்டர் பிடித்துக்கொண்டு நின்றால் இது எளிது. முதல் மூன்று வாய்ப்பு மாணவருக்கே என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிடுங்கள்.

இவ்வளவும் செய்தாலும் கூட்டத்தில் பேசவே மாட்டாதவர்கள் இருப்பார்கள். அவர்களுக்காகத்தான் கடிதத்தில் 10 மாணவர்களோடு தேநீர் என்று எழுதச் சொன்னோம். எங்களைக் கேட்டால் முழு நிகழ்ச்சியிலும் மிகுந்த பயன் தரும் பகுதி அந்த 40 நிமிடம்தான். மேடை வேண்டாம், மைக் வேண்டாம். வட்டமாக நாற்காலி, ஒரு தட்டு காத்தோ பிமான் (மிளகாய் வடை), தேநீர். நன்றாகப் படிக்கிற பத்துப் பேரையே பொறுக்கி அனுப்பாதீர்கள். பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் எடுங்கள். சங்க நிர்வாகிகளும் ஆசிரியர்களும் அந்த அறைக்கு வெளியே இருக்கட்டும். “இந்தப் படிப்புக்கு இந்தத் தீவில் வேலை இருக்கிறதா”, “உங்களுக்குத் தேர்வில் தோல்வி வந்ததுண்டா” என்பவை ஆசிரியர் முன்னால் வராத கேள்விகள்.

கேள்வி: இணைய வழியாக வெளிநாட்டுப் பேச்சாளரை அழைத்தால் செலவு மிச்சம். நேரத்தை எப்படிப் பொருத்துவது?
– மாணவர், பெல் ரோஸ்

பதில்: இந்தியாவும் இலங்கையும் நமக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால். சிங்கப்பூரும் மலேசியாவும் 4 மணி நேரம் முன்னால். தென்னாப்பிரிக்கா 2 மணி நேரம் பின்னால். ரெயூனியனுக்கும் நமக்கும் ஒரே நேரம். நம் காலை 10.30 சென்னையில் நண்பகல் 12. பேராசிரியர்கள் வகுப்பில் இருப்பார்கள். நம் பிற்பகல் 2 மணிக்கு அங்கே 3.30, அது பொருந்தும். லண்டனோடு உள்ள இடைவெளி அவர்களுடைய கோடையில் 3 மணி, அவர்களுடைய குளிர்காலத்தில் 4 மணி என்று மாறும், மறக்காதீர்கள்.

அரங்கில் ஒரே ஒரு கணினி மட்டும் இணைப்பில் இருக்கட்டும். மாணவர் தத்தம் கைபேசியிலும் அதே கூட்டத்தைத் திறந்தால் எதிரொலி தொடங்கிவிடும். கேள்வி கேட்பவர் அந்தக் கணினி முன் வந்து நின்று, முகம் தெரியப் பேச வேண்டும். 20 நிமிடத்துக்கு மேல் திரையைப் பார்த்து ஒரே பேச்சைக் கேட்பது கடினம். பேச்சு 20, கேள்வி 40 என்று தலைகீழாக்குங்கள்.

கேள்வி: வேலைவாய்ப்பு பற்றிப் பேச வரும் நிறுவனத்தார் தங்கள் விளம்பரத்தையே காட்டிவிட்டுப் போகிறார்கள்.
– பெற்றோர், காத்ர் போர்ன்

பதில்: மனிதவளத் துறையிலிருந்து அனுப்பினால் அப்படித்தான் ஆகும். வேலையில் சேர்ந்து மூன்று முதல் ஐந்து ஆண்டு ஆனவரை அனுப்பும்படி பெயர் சொல்லிக் கேளுங்கள், உங்கள் கல்லூரியிலேயே படித்தவராக இருந்தால் இன்னும் நல்லது. தலைப்பை “எங்கள் நிறுவனம்” என்று விடாமல் “எனது ஒரு வாரம்: திங்கள் முதல் வெள்ளி வரை” என்று கொடுங்கள். நிறுவனப் படங்கள் இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம் என்று கடிதத்தில் எழுதிவிடலாம்.

பெரிய பெயர்களை மட்டுமே தேடவும் வேண்டாம். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர், சர்க்கரை ஆலைத் தொழில்நுட்பர், செவிலியர், காவடி கட்டும் கைவினைஞர் இவர்களெல்லாம் அரை மணி பேருந்துப் பயணத்தில் இருக்கிறார்கள். அழைக்காததால்தான் வரவில்லை.

கேள்வி: சன்மானம் கொடுக்கலாமா? எவ்வளவு?
– பொருளாளர், ரோஸ் ஹில்

பதில்: தொகையைவிட, முன்பே சொல்லிவிடுவதே முக்கியம். சங்கத்தால் முடியாது என்றால் “சன்மானம் தர எங்களிடம் வசதி இல்லை, போக்குவரத்தும் உணவும் எங்கள் பொறுப்பு” என்று முதல் கடிதத்திலேயே எழுதுங்கள். சொந்தத் தொழில் செய்கிறவருக்கு அரை நாள் விடுவது அரை நாள் வருமானத்தை விடுவது. முடிந்தால் அவர்களுக்குத் தர முயலுங்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவருக்குப் பணம் கொடுப்பதானால், எந்த வகை நுழைவு அனுமதியில் அவர் வர வேண்டும் என்று கடவுச்சீட்டு, குடிவரவு அலுவலகத்தில் முன்னதாகவே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கல்லூரி நிர்வாகம் வழியாகக் கேட்பதே முறை.

கேள்வி: நிகழ்ச்சி முடிந்ததும் நாங்களும் மறந்துவிடுகிறோம், மாணவரும் மறந்துவிடுகிறார்கள். பிறகு செய்ய வேண்டியது ஏதாவது உண்டா?
– முதலாமாண்டு மாணவி, மாஹேபூர்

பதில்: உண்டு, மூன்று வேலை. அரங்கை விட்டு வெளியேறும் முன் ஒவ்வொருவரும் ஒரு சிறு தாளில் இரண்டு வரி எழுதட்டும்: இன்று புதிதாகத் தெரிந்தது, இன்னும் புரியாதது. “பேச்சு பிடித்ததா” என்று மதிப்பெண் கேட்காதீர்கள், எல்லோரும் நன்று என்றே எழுதுவார்கள். அந்தத் தாள்களை மறுநாள் ஆசிரியரிடம் கொடுங்கள். புரியாதது என்று பலரும் எழுதிய ஒன்றை அவர் அடுத்த வகுப்பில் எடுத்துக்கொள்ளலாம். அவருக்குக் கொடுத்த வகுப்பு நேரம் அப்படித் திரும்பி வருகிறது.

இரண்டு நாளுக்குள் நன்றிக் கடிதம் போக வேண்டும். கேடயத்தைவிட, ஏழெட்டு மாணவர்கள் தமிழில் கைப்பட எழுதிய தாள் ஒன்றை அதோடு வையுங்கள். எழுத்துப்பிழை இருந்தால் திருத்த வேண்டாம்.

நேரம் போதாமல் கேட்காமலேயே போன கேள்வி அட்டைகள் மிஞ்சியிருக்கும். அவற்றைத் தூக்கிப் போடாமல், நல்லவை ஐந்தைப் படம் எடுத்து விருந்தினருக்கு அனுப்புங்கள், முடிந்தபோது ஓரிரு வரி பதில் எழுதினால் போதும் என்று சொல்லுங்கள். பதில் வந்ததும் அச்செடுத்து, அந்த அட்டையோடு சேர்த்துத் துறையின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். அட்டையில் பெயர் இருக்காது. எழுதியவருக்குத் தம் கையெழுத்து தெரியும்.